மானைக் கீழே இறக்குவது யார்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், உயரமான மலைகளில் மான் வேட்டைக்குத் திட்டம் போடுகிறவர்களில் பலர் திட்டத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் கொம்பு. எவ்வளவு அகலம், எத்தனை கிளை என்று கனவு. அப்புறம் அந்தக் கொம்பு எந்த மலையில் இருக்கும் என்று தேடல். அப்புறம் துப்பாக்கி, பைனாகுலர், கூடாரம், ஷூ என்று ஒரு பெரிய ஷாப்பிங். எல்லாம் முடிந்த பிறகு, பட்டியலின் கடைசி வரியில், "கறியைக் கீழே கொண்டு வருவது" என்று ஒன்று இருக்கும். சிலர் பட்டியலில் அந்த வரியே இருக்காது.

திட்டம் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு தூரம் உள்ளே போவது, தனியாகப் போவதா கூட்டாகப் போவதா, எந்த நேரத்தில் சுடுவது, எப்போது சுடாமல் விடுவது எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டியது கறிதான், கொம்பு அல்ல. சுட்ட மானின் கறி மலையிலேயே கெட்டுப் போனால், அந்த மனிதர் செய்து முடித்ததற்கு வேட்டை என்று பெயர் சொல்ல முடியாது. சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. கொலராடோ, வயோமிங் போன்ற மாநிலங்களில் தின்னக்கூடிய கறியை வீணாக விட்டுவிட்டு வருவது குற்றம். கொம்புத் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைப் போட்டுவிட்டு வந்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

முதலில் இந்த மானைப் பற்றி. பெயர் மியூல் டீர். கோவேறு கழுதையின் காது மாதிரிப் பெரிய காது இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் மியூல் மான் என்றே வைத்துக்கொள்ளலாம். வட அமெரிக்காவின் மேற்குப் பாதியில் மட்டும் வாழ்கிறது. வளர்ந்த ஆண் மான் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ வரை சாதாரணமாக இருக்கும், அதைத் தாண்டுவதும் உண்டு. கொம்பு முதலில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். பயந்தால் நான்கு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றி ஸ்பிரிங் வைத்த மாதிரித் துள்ளிக்கொண்டு மேட்டில் ஏறும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்தச் சரிவில் மனிதன் அரை மணி நேரம் தவழ வேண்டியதை அது ஒரு நிமிடத்தில் கடந்துவிடும்.

கோடையில் வயதான ஆண் மான்கள் பெண் மான்களை விட்டுப் பிரிந்து, மரங்கள் நின்றுபோகும் கோட்டுக்கு மேலே போய்விடுகின்றன. கொலராடோவில் அந்தக் கோடு சுமார் 11,500 அடியில் இருக்கிறது. அங்கே கொழுத்த புல்லும் பூச்செடியும் இருக்கும், கொசுவும் ஈயும் குறைவு, எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். கொம்பு அப்போது வெல்வெட் போன்ற மெல்லிய தோலால் மூடி வளர்ந்துகொண்டிருக்கும். செப்டம்பர் முதல் பாதியில் அந்தத் தோலை உரசிக் கழித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுக்குள் இறங்கி மறைய ஆரம்பிக்கும். ஆகஸ்ட்டில் நான்கைந்து சேர்ந்து வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருந்தவை, செப்டம்பர் கடைசியில் எங்கே என்றே தெரியாது. உயரமான மலை வேட்டையின் முழு ஆசையும் இந்தச் சில வாரங்களில் இருக்கிறது.

இனி நிலம். இந்த மலைகளில் பெரும்பகுதி யாருடைய சொத்தும் அல்ல, அதாவது எல்லாருடைய சொத்தும். மத்திய அரசின் வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர், நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மத்திய அரசு நிலம். டெக்சாஸில் நிலைமை தலைகீழ், ஏறக்குறைய எல்லாமே தனியார் வேலிக்குள். ஒரு சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியாரோ மெக்கானிக்கோ யாருக்கும் வாடகை கொடுக்காமல் மலைமேல் ஐந்து நாள் தங்கி மான் தேட முடிவது இந்தப் பொதுநிலத்தால்தான்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் வரும். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே நமக்கு போலீசும் கோர்ட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஏற்பாடு வேறு. காட்டு விலங்கு அங்கே பொதுமக்கள் சொத்து, மாநில அரசு அதற்குக் காவல். ஒவ்வொரு வருடமும் கணக்கெடுத்து, இந்தப் பகுதியில் இத்தனை மான் எடுக்கலாம் என்று எண்ணிக்கை வைத்து அனுமதி விற்கிறார்கள். அந்தப் பணமும், துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 1937 முதல் ஒதுக்கப்படும் வரியும்தான் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பெரிய வருமானம். சுட்ட காட்டு மானின் கறியை விற்கவும் கூடாது. சாப்பிடலாம், சொந்தபந்தத்துக்குக் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனசு. ஆனால் இந்த ஏற்பாட்டின் நியாயம் முழுக்க "கறி வீட்டுக்கு வருகிறது" என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆணி கழன்றால் மிச்சமிருப்பது கொம்பு சேகரிப்பு மட்டும்தான்.

சரி, அனுமதி எப்படிக் கிடைக்கிறது? கொலராடோவில் 1999 முதல் எல்லா மான் அனுமதியும் குலுக்கல் முறைதான். கடைக்குப் போய் வாங்க முடியாது. மலைப்பகுதிகளை எண் போட்டு யூனிட் யூனிட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பம் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் அந்த வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும். அடுத்த வருடம் அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. வெளிமாநிலத்துக்காரர் என்றால் கட்டணம் 400 டாலருக்கு மேல். செப்டம்பர் ஆரம்பத்தில், சில உயரமான யூனிட்டுகளில் மட்டும், சில நாட்களுக்கு ரைபிள் வேட்டை உண்டு. அந்த அனுமதிக்கு அடிதடி.

இந்தப் புள்ளி முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. காத்திருக்கிறவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள், அனுமதி கூடுவதில்லை. போன வருடம் ஐந்து புள்ளிக்குக் கிடைத்த யூனிட் இந்த வருடம் ஆறு கேட்கும். க்யூவில் நிற்கிறவர் ஒரு அடி முன்னே போனால் கவுண்டர் ஒரு அடி பின்னே போகிறது. இதைப் பற்றிப் புலம்பாத வேட்டைக்காரர் இல்லை. ஆனால் யாரும் அதிகம் பேசாத விளைவு ஒன்று உண்டு. பத்து வருடம் காத்திருந்து ஒரு அனுமதி வாங்கிய மனிதர் மலைமேல் நிற்கும்போது, அவருக்கு "வேண்டாம்" என்று சொல்ல வருவதில்லை. இருட்டப்போகிறது, மான் நிற்பது பாறைச் சரிவுக்குக் கீழே, வண்டி ஏழு மைல் தள்ளி. பத்து வருடம் விரலைப் பிடித்து விசையில் வைக்கும். அதனால் புள்ளி அதிகம் கேட்காத சுமாரான யூனிட்டுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்தான், பல நேரங்களில் நல்ல வேட்டைக்காரராக ஆகிறார். அவருக்கு மலை பழகுகிறது, விட்டுவிட்டு வரவும் பழகுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். இதுதான் மொத்த விஷயத்தின் இதயம், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

200 பவுண்டு மானில் எலும்பு நீக்கிய கறி சுமார் 75 பவுண்டு தேறும் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கூடலாம், குறையலாம். மண்டையோட்டின் மேல்பகுதியோடு கொம்பும் துப்பாக்கியும் சேர்த்து 15 பவுண்டு. ஐந்து நாள் கூடாரம், படுக்கை, அடுப்பு, பைனாகுலர், முக்காலி எல்லாம் சேர்த்து, சாப்பாடு பாதி தீர்ந்த நிலையில், 45 பவுண்டு. மொத்தம் 135 பவுண்டு, 61 கிலோ. இதை ஒரே முதுகில் ஒரே நடையில் இறக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சிமெண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பத்து மாடி இறங்கிப் பார்க்கட்டும். சிமெண்டு மூட்டை 50 கிலோதான் :-)

இரண்டு நடையாகப் பிரித்தால் ஒரு நடைக்கு 67 பவுண்டு. மூன்றாகப் பிரித்தால் 45. இரண்டு நடை என்றால் கீழே, மேலே, கீழே என்று மூன்று முறை அதே பாதை. மூன்று நடை என்றால் ஐந்து முறை. மான் விழுந்த இடம் வண்டியிலிருந்து 5 மைல் என்றால், இரண்டு நடைக்கு 15 மைல், மூன்று நடைக்கு 25 மைல். 8 மைல் என்றால் 24 மைல் அல்லது 40 மைல். வரைபடத்தில் ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். காலுக்கு அது இன்னொரு முழு நாள்.

அந்த நாளைக் காற்று வேறு நீட்டிக்கிறது. 12,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சமவெளியிலிருந்து வந்தவருக்கு முதல் இரண்டு நாள் தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் வருவது சகஜம். உடம்பு எவ்வளவு கட்டாக இருந்தாலும் இது வரலாம், உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து கீழே இறங்குவது. சீசன் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மலைக்கு வந்து, முதல் ராத்திரி தாழ்வான இடத்தில் தூங்கி, மெதுவாக ஏறுவது திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்கள் வீணில்லை. உட்கார்ந்து தொலைநோக்கியில் மான்களைப் பார்த்து வைக்க அவைதான் நேரம். தவிர, கோடைக்கடைசியில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் சர்வ சாதாரணம். மரமில்லாத மலைமுகட்டில் அப்போது மிக உயரமான பொருள் மனிதன்தான்.

கறி கெடுவது எப்படி என்பதிலும் ஒரு தப்பான எண்ணம் உலவுகிறது. மேலே இருக்கிறவரை ஆபத்து, கீழே கொண்டுவந்துவிட்டால் பத்திரம் என்று. நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. செப்டம்பரில் 11,000 அடியில் ராத்திரி உறையும் நிலைக்குப் பக்கத்தில் போகும். தோலை உரித்து, தொடையையும் சப்பையையும் தனித்தனியாகக் கழற்றி, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு, நிழலில் மரக்கிளையில் தொங்கவிட்டால் காலைக்குள் குளிர்ந்து இறுகிவிடும். அடுத்த நாள் பகலிலும் நிழலில் இருந்தால் தாங்கும். எதிரி தோல். உடம்புச் சூட்டை உள்ளேயே பூட்டி வைப்பது அதுதான். அடுத்த எதிரி, தொடை எலும்பைச் சுற்றியுள்ள தடித்த சதை. வெளியே குளிர்ந்தது போலத் தெரியும், உள்ளே வெந்நீர் மாதிரி இருக்கும். மூன்றாவது, பிளாஸ்டிக் பை. ஈரமும் சூடும் வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் நாற ஆரம்பித்துவிடும்.

கீழே இறங்க இறங்க வெயில் ஏறுகிறது. 3,000 அடி இறங்கினால் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடு கூடிவிடும். பாதை முடியும் இடத்தில் வண்டி காலையிலிருந்து வெயிலில் நின்று அடுப்பாகியிருக்கும். முதல் நடையில் கொண்டுவந்த கறியை அந்த வண்டிக்குள் வைத்துவிட்டு, இரண்டாம் நடைக்கு மேலே ஏறிப் போய்விட்டால், திரும்பி வரும்போது மேலே தொங்கிக்கொண்டிருந்த பாதி நன்றாக இருக்கும், பத்திரமாகக் கீழே சேர்த்த பாதி கெட்டிருக்கும்! மலையில் இருக்கும் ஐஸை விட வண்டியில் இருக்க வேண்டிய ஐஸ் முக்கியம் என்பது இதனால்தான். பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் கேன்களை முழுதாக உறைய வைத்து, போர்வை போட்டு மூடி, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் போனால் பல நாள் தாங்கும். இதற்குச் செலவு அதிகமில்லை. 2,000 டாலருக்குத் தொலைநோக்கி வாங்கியவர்கள் இதை மறப்பதுதான் ஆச்சரியம்.

சாயங்காலம் சுட்டால் ராத்திரிக் குளிர் உதவிக்கு இருக்கிறது, ஆனால் இருட்டில் சரிவில் கத்தியோடு வேலை. காலையில் சுட்டால் வெளிச்சம் இருக்கிறது, மத்தியான வெயில் துரத்துகிறது. இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் வேண்டும். மானை வயிற்றைக் கிழிக்காமலே ஒரு பக்கம் உரித்து, சப்பை, தொடை, முதுகுக்கறி எடுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் எடுக்கும் முறை செங்குத்துச் சரிவுக்கு ரொம்பப் பொருத்தம். தனியாள் செய்துவிடலாம். கொலராடோவில் ஆண் மான் என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் கத்தி எடுக்கும் முன் நினைவில் வைக்க வேண்டும். கரடி இருக்கும் நாடு என்பதால், எலும்பும் குடலும் கிடக்கும் இடத்திலிருந்து கறியைத் தள்ளி, திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்க்க முடிகிற மாதிரித் தொங்கவிட வேண்டும்.

இன்னொரு காரணமும் எலும்பை மலையிலேயே விட்டுவரச் சொல்கிறது. மான்களின் மூளையை அரிக்கும் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய். 1967ல் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த மியூல் மான்களில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மூளையும் முதுகெலும்பும் உள்ள பாகங்களை மாநில எல்லை தாண்டி எடுத்துப் போகப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. எல்லை தாண்டி வீட்டுக்குப் போகிறவர் வழியிலுள்ள மாநிலங்களின் விதியையும் படித்திருக்க வேண்டும். பரிசோதனைக்குக் கொடுக்கும் இடமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் போட்டால் ஒரு எண் கிடைக்கும். தனியாளுக்கு இத்தனை மைல், இரண்டு பேருக்கு இத்தனை மைல். பொதுவாகத் தனியாளுக்கு மூன்று நான்கு மைல் என்பதே நேர்மையான எண். அந்த ஆரத்தை வரைபடத்தில் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு வெளியே சுடுவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மலைமேல் கொம்பைப் பார்த்தபிறகு எடுக்கும் முடிவுக்கு மதிப்பில்லை.

இதற்கு அனுபவசாலிகளிடமிருந்து உடனே ஒரு மறுப்பு வரும். தூரம் போனால்தான் ஆள் குறையும், ஆள் குறைந்தால்தான் மான் வயதாகும் என்று. ஓரளவு உண்மைதான். ஆனால் மான் மைல்கல் பார்த்து வாழ்வதில்லை. பிரபலமான பாதையில் ஆறு மைல் உள்ளே இருக்கும் அழகான ஏரிக்கரையில் பத்து கூடாரம் இருக்கும். ரோட்டிலிருந்து இரண்டு மைலில், பாதையே இல்லாத, பார்த்தாலே முழங்கால் வலிக்கும் ஒரு செங்குத்து மடிப்பில் ஒருவரும் இருக்க மாட்டார். தூரத்தைக் குறைத்துச் செங்குத்தைக் கூட்டுவது நியாயமான பேரம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்துச் சுமை இறக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அனுமதி உள்ளவரா என்று பார்த்து, சீசனுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். சுட்டபிறகு செயற்கைக்கோள் கருவியில் "வர முடியுமா?" என்று கெஞ்சினால் அவர் அப்போது வேறொரு மலையில் இருப்பார். (மியூல் மானை மியூலே சுமந்து வருவது தனி அழகு.)

இன்னொரு மறுப்பு, சாதனங்கள் வளர்ந்துவிட்டன, 700 கஜம் தள்ளி நிற்கும் மானையும் சுடலாம், ஏன் கிட்டப் போய்க் கஷ்டப்பட வேண்டும் என்பது. குண்டு பள்ளத்தாக்கை ஒரு நொடியில் தாண்டும். ஆள் தாண்ட இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது எந்தப் பாறைப் பக்கத்தில் மான் நின்றது என்று அடையாளம் தெரியாது, வெளிச்சம் போயிருக்கும், காயம்பட்ட மான் நகர்ந்திருக்கும். மறுபடி அதே கடைசி வரி. காலையில் சூடேறும்போது காற்று மேல்நோக்கியும், சாயங்காலம் குளிரும்போது கீழ்நோக்கியும் வீசும் என்பதைப் புரிந்துகொண்டு, மேலிருந்து மெதுவாக நெருங்கி 200 கஜத்தில் சுடுபவர், மானுக்குப் போகும் வழியையும் கறி வரும் வழியையும் நடந்தே பார்த்துவிட்டிருப்பார். மாநிலங்களும் இந்தச் சாதன ஓட்டத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போடுகின்றன. அரிசோனா 2022 முதல் வேட்டைக்காகக் காட்டில் தானியங்கி கேமரா வைப்பதைத் தடை செய்தது. யூட்டாவும் அதே வருடம் வேட்டைக் காலத்துக்குத் தடை கொண்டுவந்தது. நல்ல காரியம்.

உள்ளே போகும் வழி இருந்தால் போதாது, சுமையோடு வெளியே வரும் வழியும் சட்டப்படி இருக்க வேண்டும். வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட மத்திய அரசு நிலத்தில் பெரிய விலங்கு வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரரின் துணையோ வேண்டும். மலையேறலாம், மீன் பிடிக்கலாம், மான் மட்டும் கூடாது! நாடு முழுவதற்கும் சொந்தமான நிலத்தில் இப்படி ஒரு விதி இருப்பது வழிகாட்டித் தொழிலைக் காப்பாற்றுவதற்கன்றி வேறெதற்கு என்று தெரியவில்லை. அதே மாநிலத்தில், ரயில்வேக்கு அந்தக் காலத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்த சதுரங்களால், பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரிக் கிடக்கின்றன. 2021ல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால் படாமல், இரண்டு பொதுச் சதுரங்கள் தொடும் மூலையில் ஏணி வைத்துத் தாண்டினார்கள். அத்துமீறல் வழக்கு. 2022ல் ஜூரி விடுதலை செய்தது. பண்ணை உரிமையாளர் தொடுத்த சிவில் வழக்கிலும் 2023ல் அவர்கள் பக்கமே தீர்ப்பு, 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. நான்கு பேர் ஒரு ஏணியால் லட்சக்கணக்கான ஏக்கருக்கு வாசல் திறந்துவிட்டார்கள்.

வாசல் மூடவும் ஆள் இருக்கிறார்கள். 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் பொதுநிலத்தில் லட்சக்கணக்கான ஏக்கரை விற்கும் பிரிவு ஒன்று பட்ஜெட் மசோதாவில் யூட்டா செனட்டர் மைக் லீயால் முன்வைக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் ஒரே வரிசையில் நின்றார்கள், சொந்தக் கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாதம் முடிவதற்குள் அந்தப் பிரிவு வாபஸ். அடுத்த முறை அதே கேள்வி வரும்போது, பொதுநிலத்தை வேட்டைக்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர் பார்க்கும். பாதைக்குப் பக்கத்தில் கொம்பு மட்டும் வெட்டியெடுத்த ஒரு அழுகிய உடல் கிடந்தால், அதைப் பார்த்துவிட்டுப் போகும் மலையேறி அடுத்த முறை அதே வரிசையில் வந்து நிற்பாரா?

மானின் நிலைமையும் தாராளமாக இல்லை. உயரத்தில் கோடையைக் கழிக்கும் மான்கள் பனிக்காலத்தில் கீழே புதர்வெளிகளுக்கு இறங்குகின்றன. வயோமிங்கில் சில மான்கள் 150 மைல் நடக்கின்றன. வேலி, சாலை, எரிவாயுக் கிணறு, புது வீடுகள் எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான். 2022–23 குளிர்காலத்தில் வயோமிங் ரேஞ்ச் மலைத்தொடரின் மான் கூட்டத்தில், ஆராய்ச்சிக்காகக் கழுத்துப்பட்டை போட்டிருந்த குட்டிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை, பெண் மான்களிலும் பெரும்பகுதி செத்தது. மாநிலம் அனுமதிகளைக் குறைத்தது. அப்படியொரு குளிர்காலத்துக்குப் பின் மிஞ்சி, மறுபடி 12,000 அடிக்கு ஏறி வந்த ஆறு வயது ஆண் மானின் கறி வண்டிக்குள் கெட்டுப்போவதை எந்தப் புள்ளிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

ஆக, திட்டத் தாளின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது யூனிட் நம்பர் அல்ல. கூட வருபவர் யார், அவர் முதுகு எவ்வளவு தாங்கும், சுமை இறக்கித் தருகிறவரின் போன் நம்பர், ஐஸ் எங்கே கிடைக்கும், பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது. மலையடிவார ஊரில் கறி வெட்டிப் பொட்டலம் கட்டித் தரும் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதும் அதில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் சுடக்கூடியவர் அதை மலையேறும் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். மேலே போன பிறகு செல்போன் சிக்னல் கிடையாது.